ஒரு ஹெட்போனும் ஊர்ப்பட்ட உறவுகளும்

பிரவுசிங் சென்டர் நடத்துவது என்பது, நமக்குச் சொந்தமில்லாத கம்பியில் நமக்குச் சம்பந்தமில்லாத இரண்டு குடும்பங்களை ஒட்டவைத்துவிட்டு, ஒட்டாதபோது இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற தொழில். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் இதைச் செய்தவர்கள் இந்த இடத்திலேயே தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள். செய்யாதவர்கள், கல்யாண வீட்டில் மைக் செட் போட்டவரையோ பந்தி விசாரித்தவரையோ நினைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே ரகக் கஷ்டம்தான்.

என் சென்டர் காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருந்தது. ஆறு கணினிகள். ஆறாவதன் தலையில் மட்டும் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு காமிரா. அதற்குத் தனித் தடுப்பு, தனித் திரைச்சீலை, தெருவைப் பார்த்து ‘வீடியோ கான்பரன்ஸ் வசதி உண்டு’ என்று தனிப் போர்டு. கான்பரன்ஸ் என்ற சொல்லைப் பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதினேன். வந்தவர்கள் எல்லாம் சித்தப்பாக்கள்.

தடுப்பைப் பார்த்துக்கொண்டவள் திலகா. பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா கண்ணியப்பன் பட்டுத்தறி நெய்கிறவர். அம்மா இல்லை. வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் அப்பாவின் தங்கை, லோகு அத்தை. திலகாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக வேண்டும். அதை மாப்பிள்ளையிடம் கேட்கத்தான் வழியில்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். மாப்பிள்ளை சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். இவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். “வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்” என்பார்கள் அவர்கள். “யார் அனுப்பச் சொன்னாங்க?” என்பார் லோகு அத்தை. கடைசியாக வேன் வந்தபோது, அந்த இடத்தில் உள்ளேயிருந்து “நான் போவேன்” என்று ஒரு குரல் கேட்டது. வேன் கிளம்பிவிட்டது. மறுநாள் திலகா காமிராவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அடுத்த தபா என்ன ரூம்ல வச்சிப் பூட்டிட்டுத்தான் பொண்ணு காட்டுவாங்களாம்ணா.”

அட்சதை

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வைதிகக் குடும்பம் வந்தது. அமெரிக்காவில் இருக்கிற பேரனுக்குப் பிறந்தநாள். அவனை ஆசீர்வதிக்க வீட்டோடு கிளம்பி வந்திருந்தார்கள். படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர்கள் அவர்கள் மட்டும்தான். காமிராவுக்குள் இரண்டு முகங்கள் அடங்கும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அமெரிக்காவில் தெரிந்தது, ஒரு தாத்தாவும் அவரைச் சுற்றி ஏராளமான வேட்டிகளும்.

பேரன் கைகூப்பிவிட்டுச் சாஷ்டாங்கமாக விழுந்தான். விழுந்ததும் திரையில் காலி நாற்காலி. “ஐயையோ, கட்டாயிடுத்தே” என்றார் பின்னாலிருந்த ஒரு மாமி. தாத்தா அசரவில்லை. மடியிலிருந்து சின்னக் கிண்ணத்தை எடுத்து, மந்திரம் சொல்லியபடி மஞ்சள் அரிசியை அள்ளித் திரைமேல் போட்டார். வேட்டிகள் எல்லாம் தொடர்ந்தன. அந்தக் காலத்து மானிட்டர்களுக்கு மண்டையில் காற்று போக வரிவரியாகத் துளைகள் இருக்கும். அவ்வளவு துளைகளிலும் அட்சதை இறங்கியது. திலகா பாய்ந்து கீபோர்டை மட்டும் தூக்கிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். மந்திரம் முடியவில்லை என்று தாத்தா கையால் அமர்த்தினார்.

அடுத்த ஒரு வாரம் அந்த மானிட்டரைப் போட்டால் பொங்கல் வாசனை வந்தது. அது இருக்கட்டும். மந்திரம் முடிந்ததும், பேரன் எழுந்திருப்பதற்குள், தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்து உண்மையான கவலையோடு கேட்டார்: “அவன் தலைல விழுந்துதான்னு சித்த பாருங்கோ.”

பை

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். மலேசியாவில் ஒரு கருத்தரங்கு. முழங்கால் வலியால் போக முடியவில்லை. அங்கிருந்தவர்கள், திரை வழியாகவே கட்டுரை வாசியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சலவை ஜிப்பா, அங்கவஸ்திரம், கையில் கட்டுரை. நான் அவருக்கு இந்த முறையின் சிறப்புகளை எடுத்துச் சொன்னேன். விமானம் ஏற வேண்டாம், லாட்ஜில் கொசுக்கடி வேண்டாம், அடுத்த அறைக்காரரின் குறட்டை வேண்டாம், மற்றவர்களின் கட்டுரைகளைக் கேட்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் முகம் மலர்ந்தது. பிறகு, “தேநீர் எத்தனை மணிக்கு?” என்றார். எதிர்க்கடையிலிருந்து வரவழைத்தேன். “மதிய உணவு?” என்றார். வாசிப்பே கால் மணி நேரம்தான் ஐயா என்றேன்.

அவர் உட்காரவில்லை. தயங்கிக்கொண்டே நின்றார். பிறகு தணிந்த குரலில், “கருத்தரங்குன்னா ஒரு பையாவது குடுப்பாங்களே தம்பி” என்றார். திலகா கீழே ஓடினாள். ஜரிகைக் கடையின் பெயர் அச்சிட்ட துணிப்பை ஒன்றை வாங்கி வந்து, அதற்குள் என் மேஜையிலிருந்த பேனாவைப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். பேராசிரியர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். இப்போது எல்லாம் சரி என்று நான் நினைத்த நேரத்தில், ஜிப்பாவின் மார்புப் பக்கத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: “இங்க குத்திக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?”

அசையாத சபை

அதே பேராசிரியர், அதே நாள். தோளில் பையோடு வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கம் முடிவதற்குள் படம் உறைந்துவிட்டது. தொழில் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பி அறுந்தால் திரை கறுத்துப்போகும், அது ஒரு நாணயமான காரியம். இது அப்படியில்லை. கடைசியாக வந்த படம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். மலேசிய அரங்கில் முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் கைவைத்து, இன்னொருவர் வாயை லேசாகத் திறந்து, ஓர் அம்மாள் தலையைச் சாய்த்து, எல்லோரும் இவரையே பார்த்தபடி நின்றுபோனார்கள்.

நான் சொல்லப் போனேன். திலகா குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். அவர் வாசித்தார். மணி அடிக்க யாருமில்லை, துண்டுச்சீட்டு அனுப்ப யாருமில்லை. கால் மணி நேரம் என்று கொடுத்திருந்த இடத்தில் முழுக் கட்டுரையையும் அடிக்குறிப்புகளோடு வாசித்தார். முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். சபை இன்னும் கன்னத்தில் கைவைத்திருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. “இத்தனை வருஷத்துல என் கட்டுரையை இப்படி அசையாம யாரும் கேட்டதில்ல தம்பி.”

கரண்ட்

ஓர் அண்ணனும் தம்பியும். அண்ணன் வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர். தம்பி பெங்களூரில். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது பற்றி வருடா வருடம் குடும்பக் கூட்டம் போடுவார்கள். வருடா வருடம் சண்டை வரும். ஆனால் நேரில் சண்டை போடுவதில் ஒரு பாதுகாப்பு உண்டு. பிடித்து இழுக்க ஆள் இருக்கும். இரண்டு மச்சான்கள் கையைப் பிடித்துக்கொண்டால், “விடுடா என்னை” என்று கத்திக்கொண்டே எந்த அபாயமும் இல்லாமல் எதையும் சொல்லலாம். திரையில் அந்த வசதி கிடையாது. அன்று தம்பி எதையோ சொன்னார். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தம்பி காமிராவை நோக்கிக் குனிந்துகொண்டே வந்தார். முதலில் முகம், பிறகு மூக்கு, கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு மூக்குத்துவாரம். அண்ணன் அந்தத் துவாரத்தைப் பார்த்து விரலை நீட்டினார். கரண்ட் போய்விட்டது.

இருட்டில் அண்ணன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு சட்டைப் பித்தானைக் கழற்றி விசிறிக்கொண்டார். “நல்ல நேரத்துல போச்சு” என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து என் காதருகில் குனிந்து சொன்னார்: “அடுத்த வாரமும் பேச வரான். நான் தலைய சொறிஞ்சன்னா, அந்த ஒயர கொஞ்சம் புடுங்கி வுட்டுடு நைனா.”

யார் காதில்

ஹெட்போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்றுதான். ஸ்பீக்கர் வைத்தால் அந்தச் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி ஊளையிடும். அதனால் படத்தைக் குடும்பமே பார்க்கலாம். குரலை ஒருவர்தான் கேட்கலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மாமியாரும் மருமகளும் வருவார்கள். பையன் சிங்கப்பூரில். ஹெட்போன் எப்போதும் மாமியாருக்கு. அவன் அங்கே கையை ஆட்டி, நெஞ்சைத் தொட்டு, ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பேசுவான். மருமகள் திரையையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்ப்பாள். பேசி முடித்ததும் மாமியார் திரும்பி, “நல்லா இருக்கானாம். உன்ன கேட்டான்” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் புதுக் கம்மல் போட்டு, காது வீங்கி, அதன்மேல் எதுவும் படக்கூடாத நிலையில் வந்தார். வேறு வழியில்லாமல் ஹெட்போன் மருமகளுக்குப் போனது. அவன் பேசினான். அவள் கேட்டாள். சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒருமுறை “சீ” என்றாள். மாமியார் தோளைத் தொட்டுத் தொட்டு, “இன்னா சொல்றான், இன்னா சொல்றான்” என்று கேட்டபடி இருந்தார். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மருமகள் சொன்னாள், “நல்லா இருக்காராம். உங்கள கேட்டாரு.”

அவர்கள் போன பிறகு திலகா அந்த ஹெட்போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது யாரு காதுல இருக்குதோ, அவங்கதான்ணா வூட்டுக்குப் பெரியவங்க.”

மிதித்தால் ஓடும்

அந்த மாதமே திலகாவுக்கு ஒரு வரன் வந்தது. சேகர். தென்னேரிக்காரர். ஏரிக்குக் கீழே நிலம். மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர். கல்யாணத்துக்குத்தான் லீவு கிடைக்கும், பெண் பார்க்கக் கிடைக்காது. பையன் திரையில் பார்த்துவிட்டு எங்களுக்குப் போனில் சொல்லட்டும், அது போதும் என்று தென்னேரியிலிருந்து அவருடைய அப்பா அம்மா சொல்லியனுப்பினார்கள். வேன் நிறைய ஆட்களுக்குச் சமைக்க வேண்டாம் என்பதால் லோகு அத்தைக்கும் சம்மதம். இருந்தாலும் கையில் ஒரு தூக்கு நிறைய பஜ்ஜியோடுதான் மாடியேறினார். பெண் பார்க்கிற இடத்தில் பஜ்ஜி இல்லாமல் எப்படி என்பது அவர் நியாயம். ஹெட்போனையும் அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். அங்கே சேகர் “வணக்கங்க” என்றிருக்க வேண்டும். அத்தை அதைப் பிடுங்கித் திலகாவின் மடியில் எறிந்தார். “அந்நிய ஆம்பள காதுக்குள்ள பூந்து பேசறான். நீயே மாட்டிக்கோடி. கேட்டுக் கேட்டுச் சொல்லு.”

திலகா மாட்டிக்கொண்டாள். தலையைக் குனிந்தாள். கையை மட்டும் கீபோர்டில் வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். காமிராப் படம் ஒரு மூலையில் ஓட, பக்கத்தில் எழுதிப் பேசிக்கொள்ளவும் ஒரு கட்டம் உண்டு என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். “இன்னாடி தட்டிக்கினே இருக்கற?” என்றார் அத்தை. “தட்டிக்கினே இருந்தாத்தான் அத்தே படம் ஓடும்” என்றாள் திலகா. நான் எதற்கும் இருக்கட்டும் என்று கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். கண்ணியப்பன்தான் காப்பாற்றினார். பிறந்ததிலிருந்து தறியைப் பார்த்தவருக்கு இதில் விநோதமாக ஒன்றுமே படவில்லை. “தறி மாதிரிதான் லோகு. மிதிச்சாத்தான் ஓடும். கால எடுத்தா நின்னுடும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “வேகமா அமுக்கும்மா, மாப்ள மூஞ்சி மங்குது பாரு” என்று விரட்டவும் செய்தார்.

அப்பா சொன்னபடி திலகா வேகமாக அமுக்கினாள். திரையில் தமிழ், அப்பாவுக்கும் அத்தைக்கும் படிக்கத் தெரியாத ஆங்கில எழுத்தில் ஓடியது. கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போவேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தாள். சேகர் தலையைப் பெரிதாக ஆட்டினார். அடுத்த வரி: நாங்கள் கேட்டதாக உங்கள் வீட்டில் சொல்லுங்கள், நீங்கள் கேட்டதாக எங்கள் வீட்டில் சொல்கிறேன். மஸ்கட்டில் சேகர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு குலுங்கினார். “எதுக்குடி சிரிக்கறான்? இன்னா சொன்னான்?” என்றார் அத்தை. திலகா இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டாள். “பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போனாத்தான் கட்டிக்குவாங்களாம் அத்தே. அவங்க வூட்ல கண்டிசனா சொல்லிட்டாங்களாம்.” அத்தை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் திரையைப் பார்த்தார். கடைசியில் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: “இப்ப இன்னா, நாம அனுப்ப மாட்டோம்னா சொன்னோம்?”

தூக்கு

பேச்சு நல்லபடியாக முடிந்ததும் அத்தை தூக்கைத் திறந்தார். ஒரு தட்டில் பஜ்ஜியை அடுக்கி, காமிராவுக்கு நேராக நீட்டி, “எடுத்துக்கோப்பா” என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்ததால் சேகர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கையை வாய்க்குக் கொண்டுபோய், மென்று, விழுங்கி, நன்றாக இருக்கிறது என்று விரலைக் காட்டினார். அத்தை தட்டை எடுக்கவில்லை. “இன்னொண்ணு” என்றார். அவர் இன்னொன்றும் தின்று காட்டினார்.

நேர்க்கூட்டத்துக்கும் திரைக்கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மாப்பிள்ளை வீட்டார் தின்று தீர்த்திருக்க வேண்டிய பஜ்ஜி முழுசாக மிஞ்சியிருந்தது. வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகக்கூடாதாம், ராசியில்லையாம். அத்தை தடுப்பைவிட்டு வெளியே வந்து ஒவ்வொரு கணினியாகப் பரிமாறினார். பரீட்சை முடிவு பார்க்க வந்த கல்லூரிப் பையன்கள் வாழைக்காயும் உருளைக்கிழங்குமாக வாயில் அடைத்துக்கொண்டார்கள். என் ஐந்து மவுஸ்களும் எண்ணெயில் வழுக்கின. அந்தப் பையன்களில் ஒருவன் பெயிலானவன். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: “இந்த மாதிரி கான்பரன்ஸ் வாரா வாரம் வைங்கண்ணா.”

தட்டு

சேகர் லீவில் வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தம், பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். முந்தின நாள் திலகா என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள். “நாளைக்கு ரெண்டு வூடும் நேருக்கு நேரா பேசிக்கும்ணா. நடுவுல நான் இருக்க மாட்டேன்” என்றாள். எனக்கும் கவலைதான். அவள் போய்விட்டால் ஆறாவது கணினியைத் தொடத் தெரிந்தவர் என்னையும் சேர்த்து யாருமில்லை.

தென்னேரியிலிருந்து இரண்டு வேன்கள் வந்தன. பத்திரிகை வாசித்தாயிற்று. தேங்காய், பழம், வெற்றிலை, புடவையோடு கண்ணியப்பன் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். எதிரில் சேகரின் அப்பா இன்னொரு தட்டோடு. கை மாற வேண்டியதுதான் பாக்கி. அப்போது சேகரின் அம்மா, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத உரத்த குரல்காரர், லோகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க ஆசப்படியே பொண்ணு வேலைக்குப் போவட்டும் சம்பந்திம்மா. எங்க பக்கம் வழக்கமில்ல. நீங்க அவ்ளோ கறாரா கேட்டீங்களேன்னு ஒத்துக்கினோம்.” தட்டு அந்தரத்தில் நின்றது. திலகா தரையைப் பார்த்தாள். சேகர் சுவரில் காலண்டர் தேடினார். மண்டபத்தில் இரண்டு வேன் ஆட்களும், பிள்ளையார்பாளையத்தில் பாதியும், சமையல்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணியப்பன் கள்ளமில்லாதவர். “நாங்களா? இல்லீங்களே, நீங்கதான…” என்று தொடங்கினார். லோகு அத்தை அவர் காலை மிதித்தார். நான் பார்த்தேன். நல்ல மிதி. பிறகு முகவாயைத் தூக்கி, சபை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: “பின்ன, கேக்காம? படிச்ச பொண்ண வூட்ல வச்சிப் பூட்டிடுவீங்களோன்னு எங்களுக்கு பயம் இருக்காதா?” கைதட்டல்கூட எழுந்தது. தட்டுகள் மாறின.

பந்தியில் அத்தை என் இலைக்கு எதிரில் வந்து நின்றார். கையில் வடைத் தட்டு. வடையை வைக்கவில்லை. “அந்த மிசின்ல இவ இன்னா இன்னா தட்டினா, தெரியுமா உனக்கு?” என்றார். எனக்கு ஒயர் பிடிக்கிற வேலைதான் அத்தை என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு வடையாக வைத்தார். “அன்னிக்கே பொட்டியில தெரிஞ்சிருந்தா ‘முடியாது போடா’ன்னு சொல்லிட்டு எழுந்து வந்திருப்பேன் தம்பி. இத்தினி பேர் எதிர்க்க, தட்ட நீட்டிக்கினு நிக்கும்போது கேட்டா எப்பிட்றா சொல்றது?”

ஆகவே, திரையில் கூடுவது மேலா நேரில் கூடுவது மேலா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கேட்க வேண்டியதைத் திரையில் கேளுங்கள், ஒத்துக்கொள்ள வைக்க வேண்டியதை மண்டபத்தில் வையுங்கள், அதன் பிறகு தென்னேரி பஸ்ஸைக் குற்றம் சொல்லிக்கொண்டு தினமும் தாமதமாக வேலைக்கு வருகிற ஒருத்தியை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான்.